ஜன்னலோரம் போன பிறகு வந்த குமட்டல்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், நாலு பேர் படிப்பதற்காக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் எழுதப்போவது ஒரு லேசான குமட்டலைப் பற்றி. வாந்தியாக வெளியே வந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வரவும் இல்லை, போகவும் இல்லை. மழைக்காலம் முழுக்கத் தொண்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் விடியுமுன் ரயில் ஏறி, வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். மாரிக்குப்பத்தில் கிளம்பும் வண்டி எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போது காலியாகத்தான் இருக்கும். எஞ்சின் பக்கம் பார்த்த ஜன்னலோரம் எனக்கு. பக்கத்து இடத்தில் என் பையை வைத்துவிடுவேன். அது கோரமண்டலில் ஏறும் என் தோழிக்கு. பல வருடங்களாக அப்படித்தான். எனக்கு ஊரில் சொந்தக்காரர்கள் உண்டு, தோழி என்றால் அவள் ஒருத்திதான்.

எங்கள் வண்டியில் யாரும் வீட்டில் சாப்பிட்டு வருவதில்லை. காபியை மட்டும் வாயில் ஊற்றிக்கொண்டு ஓடிவருவோம். பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறி அடங்கியதும் டப்பாக்கள் திறக்கும். என் இட்லி அவளுக்கு, அவள் தக்காளி சாதம் எனக்கு. சாப்பிட்டதும் முட்டிவலி மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். நாளெல்லாம் மிஷின் மிதிக்கிறவளுக்கு அது இல்லாமல் ஆகாது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். மாலூர் தாண்டும்போது அவள் வாய் லேசாகத் திறந்திருக்கும். நான் அசைய மாட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் அவளோடு இன்னொருத்தியும் ஏறினாள். தோழியின் ஆபீஸிலேயே சுத்தம் செய்யும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவள். குடிவந்திருப்பதும் தோழியின் லைன் வீட்டு வரிசையிலேயே. என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவளாக இருப்பாள். தோழியை அக்கா என்றாள். என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, எனக்கு ட்ரெயின்ல வாமிட் வரும். ஜன்னல் பக்கம் குடுக்கறீங்களா?" என்றாள்.

கொடுத்தேன். முடியாது என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. தோழி நடுவில், அவள் ஜன்னலோரம், மூன்றாவது இடத்தில் ஒரு போலீஸ்காரர் மனைவி வழக்கமாக உட்காருவார். நான் எதிர் இருக்கைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்தால் வண்டி பின்பக்கமாக ஓடுவதுபோல இருக்கும். ஊர் நம்மைவிட்டு ஓடும்.

எதிரில் இருந்து பார்த்துக்கொண்டே வருவேன். அவர்கள் ஆபீஸ் மேனேஜரைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஆளைத் தெரியாது, ஆனாலும் சிரித்துவைப்பேன். டப்பா திறக்கும் நேரத்தில் அவள், "ஆன்ட்டி, எங்க வீட்டு வேர்க்கடலை சட்னி, துன்னு பாருங்க" என்று நீட்டினாள். தோழி ஏற்கனவே விரலை நக்கிக்கொண்டிருந்தாள். என் இட்லி டப்பாவை அன்று அவள் கேட்கவில்லை.

"நான் வீட்லயே சாப்ட்டுட்டேன்" என்றேன்.

ஒருநாள் அப்படிச் சொன்னால் மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது. என் டப்பாவை மத்தியானம் கம்பெனியில் காலி செய்தேன். மாத்திரையை மட்டும் வழக்கம்போல ரயிலில் தண்ணீரோடு விழுங்கினேன். வயிற்றில் இருந்தது கருப்புக் காபி ஒன்றுதான்.

சாப்பிட்டதும் தோழி தூங்கினாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அவள் தோள்மேல்.

அந்த வாரத்திலிருந்துதான் குமட்டல். சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா, முதல் தடவை சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டில் இறங்கியபோது ஆள் கீழே போய்விட்டான், வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது என்று சொல்லுவார். எனக்கு தினமும் பங்காரப்பேட்டை தாண்டியதும் அப்படி ஆனது. ரயிலைவிட்டு இறங்கியும் போகாது. மிஷினில் குனிந்தால் வாயில் நீர் ஊறும். சாயங்காலம் கொஞ்சம் அடங்கும்.

இதை வெளியே சொல்லவும் வழியில்லை. வாந்தி வரும் என்று சொல்லித்தான் அவள் ஜன்னலைப் பிடித்தாள். இப்போது எனக்கும் வருகிறது என்றால் இடத்துக்காக நாடகம் ஆடுகிறேன் என்பார்கள். கடைசியில் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள்.

"இன்னா ஆன்ட்டி, மூஞ்சி வெளுத்துக்கீது? எலுமிச்சம்பழத்த வேற மோந்துக்கினே வரீங்க. எதுனா நல்ல சேதியா?"

பெட்டியே சிரித்தது. போலீஸ்காரர் மனைவி, "அய்ய, சும்மா இரு மா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். தோழியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா பொறுமையானவர். லேசான குமட்டல் நாள்பட இருந்தால் பல காரணம் இருக்கலாம் என்றார். வயிற்றுப்புண், பித்தப்பை, தைராய்டு, சர்க்கரை, காதுக்குள் கோளாறு, ஒற்றைத் தலைவலி, சாப்பிடும் மாத்திரை, மனக்கவலை. மாதவிலக்கு நிற்கிற வயதிலும் வருமாம்.

"எதுக்கும் கர்ப்பம் இருக்கான்னும் பாத்துடலாம்."

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இன்னாங்க டாக்டர், பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம்!"

"பாத்தா தப்பில்லயே" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னிடம், "முட்டிவலி மாத்திர சாப்பிட்டப்புறம்தானே போடறீங்க?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார். தினமும் நான் டப்பா கட்டுவதையும் அது காலியாகத் திரும்புவதையும் பார்க்கிறவர். எதற்காகப் பட்டினியாகப் போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? மனதில் கவலை உண்டா என்றதற்கும் இல்லை என்றேன். பரிசோதனை எல்லாம் சரியாகவே வந்தது. கர்ப்பமும் இல்லை. அவர் வழியில் வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அந்த ஜன்னலோரக்காரி தன் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காக ஆம்பூர் போனாள். மூன்று நாள் லீவு. நான் பழைய ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தேன். தோழி ஏறினாள். பங்காரப்பேட்டையில் டப்பா திறந்தோம். என் இட்லி முழுக்க அவளுக்குக் கொடுத்துவிட்டு அவள் தக்காளி சாதத்தில் பாதிக்கு மேல் நானே சாப்பிட்டேன். என் தோளில் தூங்கினாள். குமட்டல் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆம்பூர் போனவள்தான் காரணம். அவள் தலைக்குத் தேய்க்கும் ஏதோ மூலிகை எண்ணெய், எதிரில் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கும். டாக்டரம்மா இதைக் கேட்கவே இல்லை. இவ்வளவு நாள் அவள்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைத்ததுபோல சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் சாயங்கால வண்டியில் தோழியிடம் சொன்னேன்.

"அவ எண்ணெ வாசனதான் மா. அவ வரலன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல பாரு. நாளையிலருந்து நாம வேற பெட்டிக்குப் போயிடலாம்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "அக்கா, இன்னிக்குக் காலையில இன்னா சாப்ட்டீங்க?" என்றாள்.

"நீதான் குடுத்தியே."

"நேத்து?"

"நேத்தும் உன் சோறுதான்."

"போன வாரம்?"

"வீட்ல."

"வீட்ல இன்னா?"

"தோசை."

"உங்க வீட்டு கிரைண்டர் கல்லு போன வாரம் பூரா புட்டுக்கினு கெடந்துச்சு, ஞாயித்துக்கெழமதான் சரி பண்ணோம்னு நீங்கதான சொன்னீங்க? மாவு ஏது?"

நான் வெளியே பார்த்தேன். இருட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

"வெறும் வயித்துல மாத்திரய முழுங்கிட்டு, பின்னால பாத்த சீட்ல குந்திக்கினு வந்தா எனக்கும்தான் கொமட்டும். இதுல அவ எண்ணெ இன்னாக்கா பண்ணுச்சு?" குரலில் கோபம் இருந்தது. "ஒரு வாய் சோறு எங்கூட சாப்புடக் கூடாதுன்னு இருந்தீங்களா?"

"உங்கூட இல்ல."

"அவகூட. நான் அவ பக்கத்துலதான குந்தினு இருந்தேன்?"

மாலூரில் ஏறியவர்கள் இடம் கேட்டு நெருக்கினார்கள். நகர்ந்து உட்கார்ந்தோம்.

"என்னமோ நான் தோள மாத்திக்கின மாதிரி பேசறீங்க" என்றாள் மெதுவாக. "எனக்குத் தூக்கம் வருதுக்கா. எந்தத் தோளு பக்கத்துல கீதோ அதுல சாய்ஞ்சிடறேன்."

அவள் சமாதானமாகத்தான் சொன்னாள். எனக்கு அதைவிட அவள் திட்டியிருக்கலாம் என்று இருந்தது. அத்தனை வருடமும் நான் அசையாமல் உட்கார்ந்தது பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு தோளாகத்தானா?

கோரமண்டலில் இறங்கும்போது குனிந்து என் காதருகில் சொன்னாள். "வேற பெட்டிக்கெல்லாம் நான் வரல. ஜன்னலு வேணும்னா நாளைக்கு வாயத் தொறந்து அவகிட்ட கேளுங்க. குடுப்பா. அவ ஒண்ணும் கெட்டவ இல்ல. டப்பாவ மட்டும் தொறக்காம வந்தீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

மறுநாள் அவர்கள் இருவரும் ஏறினார்கள். அவள் ஆம்பூரிலிருந்து அதிரசம் கொண்டுவந்திருந்தாள். நான் ஜன்னலைக் கேட்கவில்லை, எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பங்காரப்பேட்டையில் என் டப்பாவைத் திறந்து மூன்று பேருக்கும் வைத்தேன், ஒரு அதிரசமும் சாப்பிட்டேன், வெல்லம் கொஞ்சம் அதிகம். பிறகு மாத்திரை போட்டேன். தோழி ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினாள். மாலூர் தாண்டியதும் லேசாகக் குமட்டியது, வொயிட்ஃபீல்டில் இறங்கியதும் நின்றுவிட்டது.