மீதமிருந்த மூன்று இடங்கள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு சோதனை ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, மலாக்கா பக்கம் பெம்பானில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு மடிக்கணினிகள். அவர் முன்னால் விண்டோஸ், என் முன்னால் லினக்ஸ். அவர் "சரி" என்றதும் இருவரும் ஒன்றாகத் தட்டினோம். எட்டு இழைகள் ஓடத் தொடங்கின. இழை என்றால், ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி வேலை. ஒவ்வோர் இழையும் பத்தாயிரம் செய்திகளை யாரும் படிக்க முடியாதபடி மறையாக்க வேண்டும்.

விண்டோஸ் நான்கு நிமிடத்தில் முடித்தது. என்னுடையது நடுவில் நின்றது. அப்பா என் திரையைப் பார்க்கவில்லை. கையை நீட்டி என் கணினியின் ஓரத்தில் வைத்தார். உள்ளே விசிறி அடங்கியிருந்தது. வேலை நடந்தால் விசிறி இரையும். அடங்கிவிட்டால் எட்டுப் பேரும் எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

"இன்னும் பாக்கி இருக்குல்ல, நிக்கத்தான் செய்யும்," என்றார். ஆறிப்போன தோசையைத் தின்றார். திருத்த வேண்டிய இடங்களின் பட்டியல் தாளில் முப்பத்தெட்டாவது வரியை அடித்துவிட்டு, கீழே "மீதி 3" என்று எழுதினார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்.

அப்பாவின் பெயர் சுகுமாரன். ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்தவர். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்ததும் மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். முப்பத்தைந்து வருடம் அங்கேயே இருந்தார். சோதனை இயந்திரங்கள் எல்லாம் விண்டோஸில் ஓடின. அவற்றுக்கு நிரல் எழுதியவர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்ததால், இவர் கையேட்டை வைத்துத் தானாகவே எழுதக் கற்றுக்கொண்டார்.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் மறையாக்க லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, ஒன்று உண்டு. அதில் ஒரு பிழை இருக்கிறது என்று கடிதம் எழுதப்போய், அதைப் பராமரிக்கும் குழுவில் அப்பாவும் ஒருவரானார். ஆறு பேர், ஆறு நாடு. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பதினாலு வருடமாக அப்பாவின் பொறுப்பு ஒரே ஒரு கோப்பு. பூட்டுகள்.

எல்லா இழைகளும் ஒரே தொட்டியிலிருந்துதான் ரகசிய எண்களை எடுக்கின்றன. இரண்டு இழைகள் ஒரே சமயத்தில் கைவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண் வந்துவிடலாம். வந்தால் ரகசியம் போச்சு. அதனால் ஒன்று பூட்டிக்கொண்டு எடுக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஒவ்வொன்றும் இந்தப் பூட்டை ஒவ்வொரு மாதிரி செய்கிறது. மூன்றிலும் ஒரே மாதிரி நடக்கும்படி பார்த்துக்கொள்வது அப்பாவின் கோப்பு.

எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. கோயிலில் மைக் நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவார்.

ஐம்பத்தைந்தில் சிறுநீரகம் போனது. செவ்வாய், வியாழன், சனி டவுனில் ஓர் அறநிலையத்தில் டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, மற்ற கையால் தட்டிக்கொண்டிருப்பார். அங்கே நோயாளிகளின் பதிவுக்குப் புதிய மென்பொருள் தேவைப்பட்டபோது அஃபீஃபாவைச் சிபாரிசு செய்தவர் அப்பாதான். அஃபீஃபா டவுனை ஒட்டிய தெங்கேராக்காரர். தொழிற்சாலையில் அப்பாவிடம் வேலை பழகி, பிறகு குடும்பத்துத் துணிக்கடையின் மாடியில் சொந்தமாக ஒரு மென்பொருள் நிறுவனம் வைத்தார். நோயாளிகளின் விவரங்களை மறைத்து வைக்க அவர் எடுத்துக்கொண்டது அப்பாவின் லைப்ரரி. அப்பாவை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் எழுதியது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய சர்வர் லினக்ஸ்.

போன வருடம் தொட்டியை நிரப்பும் முறையில் ஓர் ஓட்டை தெரிந்தது. அப்பா அதை மாற்றி எழுதினார். வழக்கம்போல் விண்டோஸில் நாள் முழுக்கச் சோதித்தார். லினக்ஸில் சின்னதாக ஒன்று ஓட்டினார். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும் அளவுக்கு அது ஓடவில்லை.

அஃபீஃபா புதிய பதிப்பைப் போட்ட வாரத்திலிருந்து நிலையத்தில் திரைகள் நின்றுபோகத் தொடங்கின. வாரத்தில் இரண்டு மூன்று மதியம். ஒவ்வொருவர் உடம்பிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது அந்தத் திரையில்தான் வரும். வராவிட்டால் தாதி பழைய தாள்களைத் தேடிப் போவார். நோயாளிகள் இயந்திரத்தின் பக்கத்தில் காத்துக் கிடப்பார்கள். அப்பாவும் அதில் ஒருவர்.

"சிஸ்டம் ஸ்லோ லா அங்கிள்," என்று தாதி சொன்னாராம். நெட்வொர்க் கோளாறு என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். மூன்றாவது வாரம் அஃபீஃபாவிடம் கேட்டு, சர்வர் நின்ற நேரத்து விவரத்தைக் கைபேசியில் வாங்கினார். நாற்காலியில் கிடந்தபடி படித்தார். ஒரே இழையின் பட்டியலில் அவருடைய பூட்டு இரண்டு முறை வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னார். அம்மாவின் பெயர் திலகா. கணினியைத் தூசு தட்ட மட்டும் தொடுவார்.

"தோட்டத்து லயத்துல எட்டு வீட்டுக்கு ஒரு பாத்ரூம் இருந்துச்சே, அந்த மாதிரின்னு வச்சுக்க," என்றார் அப்பா. "உள்ள இருக்கிறவனே கதவத் தட்டிட்டு, உள்ள இருக்கிறவன் வெளிய வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கான்."

"அவனுக்கு என்ன கிறுக்கா?"

"தட்டச் சொன்னது நான்."

"அப்ப வெளிய நிக்கிறவங்க?"

"அவங்களும்தான் நிக்கிறாங்க."

அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போனார்.

விண்டோஸில் பூட்டு வைத்திருக்கும் இழையே மறுபடி அதைக் கேட்டால், "உன்னிடம்தான் இருக்கிறது" என்று விட்டுவிடும். லினக்ஸின் சாதாரணப் பூட்டு விடாது. தனக்காகத் தானே நின்றுகொண்டிருக்கும், முடிவே இல்லை. அப்பா விண்டோஸில் கற்றவர். ஏற்கெனவே பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் எழுதும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது. பூட்டும் இடங்கள் கோப்பு முழுக்க நாற்பத்தொன்று. இத்தனை வருடமும் ஒன்றுக்குள் இன்னொன்று வந்ததில்லை. புதிய நிரப்பும் முறையில் வந்தது.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது, அதில் அந்த ஓட்டை. குழுவில் மற்றவர்கள் ஒரு வரியில் தீர்வு சொன்னார்கள். லினக்ஸிலும் விண்டோஸ் மாதிரியே நடந்துகொள்ளும் பூட்டு ஒன்று உண்டு, அதைப் போட்டுவிடலாம் என்று. நானும் அதையே சொன்னேன். நான் நெட்வொர்க் பொறியாளர், நின்றுபோன சர்வரை ஓடவைப்பது என் பிழைப்பு.

"நிக்காது, சரி," என்றார் அப்பா. "தொட்டி பாதி நிரம்பியிருக்கிறப்ப உள்ள இருக்கிறவனே கைய விட்டு எடுத்தான்னா? அது நல்ல நம்பரா கெட்ட நம்பரான்னு எப்படித் தெரியும்? ஸ்க்ரீன் ஓடும் பாப்பா. ஓடுறதுனால யாரும் பாக்க மாட்டாங்க."



அந்த நாற்பத்தொரு இடங்களில் ஒவ்வொன்றையும் அப்பா இரண்டாகப் பிரித்தார். வெளியிலிருந்து வருபவர் பூட்டிவிட்டு உள்ளே போவார். உள்ளேயிருந்து கூப்பிடுபவர் பூட்டைத் தொடவே கூடாது. எது வெளியே, எது உள்ளே என்பதைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த லைப்ரரி முழுவதையும் தலையில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வாரத்துக்கு ஐந்து இடம், சில வாரம் ஒன்று. அதுவரை அஃபீஃபா சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க மெதுவா பாருங்கண்ணே," என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, அப்பா டயாலிசிஸிலிருந்து காய்ச்சலோடு வந்தார். ரத்தத்தில் கிருமி என்றார்கள். சனிக்கிழமை ஆக்ஸிஜன் முகமூடி போட்டார்கள். நான் மீதி மூன்று இடங்களையும் தாளில் அச்சிட்டு எடுத்துப்போனேன். எடுத்துப்போனது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. அவர் கண் அந்தத் தாளைத்தான் தேடியது.

முதல் இடத்தில் விரல் வைத்து, "இது வெளிய இருந்து வர்றதாப்பா?" என்று கேட்டேன். தலையாட்டினார். நிம்மதியாக இருந்தது. உறுதி செய்துகொள்ள, "உள்ள இருந்து வர்றதா?" என்றும் கேட்டேன். அதற்கும் தலையாட்டினார். மூன்று இடத்துக்கும் அப்படித்தான். பிறகு நான் கேட்காதபோதும் தலையாட்டிக்கொண்டிருந்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் குழுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். அப்பாவைப் பற்றி மரியாதையாக எழுதியிருந்தார்கள். காத்திருப்பவர்கள் பலர், இதற்கு மேல் தாமதிக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். அதில் தவறு இல்லை. அஃபீஃபா புதிய பதிப்பைப் போட்டார். திரைகள் அதற்குப் பிறகு ஒருமுறையும் நிற்கவில்லை.

கருமாதிக்கு அஃபீஃபா வந்தார். எல்லாம் நன்றாக ஓடுவதாகச் சொன்னார், அண்ணன் இருந்து பார்த்திருக்கலாம் என்று அழுதார். பாதித் தொட்டியைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமலிருக்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் என்ன செய்யணும் திவ்யா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா."

மாலையில் அந்த மூன்று இடங்களையும் படிக்கிறேன். ஒவ்வொரு வரியும் புரிகிறது. எங்கிருந்தெல்லாம் அதைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடினால் இருநூறு இடங்கள் வருகின்றன. ஒன்றை மாற்றி ஓட்டினேன், நிற்கவில்லை. மாற்றாமல் ஓட்டினேன், அப்போதும் நிற்கவில்லை.

அப்பாவின் கைபேசியில் ஒரு நினைவூட்டல் இருந்தது, அவர் போனதற்கு மறுநாள் புதன்கிழமைக்கு. "ரெம்பியா. குகன். மேக்." குகன் என் சித்தப்பா மகன். எங்கள் வீட்டில் மேக் கிடையாது. மூன்றாவது தளத்தில் ஓட்டிப் பார்க்க அவனுடையதை இரவல் கேட்டிருக்கிறார்.

போன வாரம் குகன் கூப்பிட்டான். "பெரியப்பா வந்து எடுத்துக்கிறேன்னு சொன்னாருக்கா. எல்லாம் அழிச்சு, சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். இன்னும் வேணுமா, இல்ல நான் யூஸ் பண்ணிக்கவா?"

வைத்திரு, வருகிறேன் என்றேன். பெம்பானிலிருந்து ரெம்பியா ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாங்கி வந்தால் அதில் எதை ஓட்டுவது, அப்பா பாதியில் விட்டதையா குழுவின் ஒரு வரியையா என்று தெரியவில்லை. இன்னும் போகவில்லை.