சித்தப்பா எடுத்துக்கொண்ட எக்ஸ்ரே

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகனுக்கு, புத்தாயிரம் பிறந்ததிலிருந்து ஆண்டுதோறும் கம்பெனி செலவில் உடல் பரிசோதனை. இம்முறை பதினேழு தாள்கள். இரண்டு தரம் எண்ணினேன். ஊழியர் நலமே வளர்ச்சி என்று உறைமேல் அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு நெஞ்சுப் படம். அதைப் பார்த்ததும் மனம் சித்தப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறையில் ஐந்து பேர். அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டினார். அவர் இருமலை நான் எண்ணுவேன். காலைக் காப்பிக்குள் நாற்பதைத் தாண்டும். ஆலையில் எல்லோருக்கும் எக்ஸ்ரே என்றார்கள். நெஞ்சில் புள்ளி தெரிந்தால் வேலை போய்விடும் என்று அப்பா நடுங்கினார். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய சித்தப்பா, அச்சாக அப்பா மாதிரியே இருப்பார். அப்பாவின் அடையாள வில்லையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"இன்னாத்துக்குண்ணா பயப்படுற? என் நெஞ்சு கருங்கல்லு."

மீசையைச் சீவிக்கொண்டவரை அம்மா சும்மா விடவில்லை. "எக்ஸ்ரேக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

பத்தாம் நாள் முடிவு வந்தது. படத்தில் புள்ளி இருந்தது.

ஆனால் வேலை போகவில்லை. தேர்ந்த தறிக்காரனை இழப்பதைவிடக் குணப்படுத்தி வைத்துக்கொள்வதே லாபம் என்று புது மானேஜர் கணக்குப் போட்டிருந்தார். அப்பா பெயருக்குக் காசநோய் சானடோரியத்தில் ஒரு கட்டில், ஆறு மாதம் ஊசி, திரும்பினால் அதே தறி. மூட்டை தூக்குகிறவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

மூன்று நாள் வாக்குவாதம்.

"படம் உன்னுதுடா. என் பேர்ல நீயே போய்ப் படு."

"அப்போ உன் இருமல எங்க கொண்டு வெப்பே? ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு பேசுற பேச்சா? போண்ணா."

வீட்டில் பாய்கள் மட்டுமே. ஒரு கட்டில் சும்மா கிடைக்கிறது, இருவருமே வேண்டாம் என்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம்.

அப்பா பதினொரு பவுண்டு எடை கூடித் திரும்பினார். இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் தறி ஓட்டினார், என்னைப் படிக்க வைத்தார். அவர் திரும்பியபோது சித்தப்பா உயிரோடு இல்லை.

சானடோரியம் வாசலில் அவர்கள் பிரிந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா சித்தப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க விம்மி அழுதார். ஊசிக்கா இத்தனை பயம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.