வெறுங்காலில் கடந்த ஊர்

மலையடிவாரக் கும்பக்கரைப் பக்கமிருந்து, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு ஏறும் அந்த ஒற்றையடிப் பாதையை நினைக்கும்போதெல்லாம், யாரோ எங்கள் இருவரையும் மேகத்துக்குள் மெல்லத் தூக்கிவிட்டது போலவே தோன்றுகிறது.

கொடைக்கானல் மாணவியர் விடுதியில் ஒரே அறையில் இருந்த காலம் முதல் அவள் என் தோழி. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் தொலைபேசியில், "கீழயிருந்து மேல வரைக்கும் ஒரு தடவ என் கால்லயே ஏறிப் பாத்துரணும்டி. கூட வர்றியா?" என்றாள். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை விடியலிலேயே புறப்பட்டோம்.

பாதி மலையில் ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் தெய்வங்கள் குடியிருப்பதால் எல்லையைத் தாண்டி யாரும் செருப்பணிவதில்லை. நான் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் சற்றே தயங்கினாள், பிறகு கழற்றினாள். உலரும் காப்பிப் பழங்களின் புளித்த மணம் காற்றில் மிதந்தது. ஈரமண் என் பாதங்களில் சில்லிட்டது. "என்ன குளிர்ச்சி!" என்றேன். "ஆமாடி" என்றாள், எங்கோ பார்த்தபடி.

ஊரின் மறுகோடியில் காயவைத்த காப்பிப் பழங்களைத் துழாவிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்தாள்.

"யக்கா, நில்லுங்க! கால்ல ரத்தமா ஒழுகுது. வலிக்கலயா?"

தோழி குனிந்து, வேறொருவரின் பாதத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னாள்: சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்வு குறைந்து ஓராண்டாகிறது, வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. நடக்கவே முடியாமல் போவதற்குள் இம்மலையை ஏறிவிட நினைத்திருக்கிறாள்.

"எல்லையிலயே சொல்லியிருந்தா செருப்போடயே விட்டிருப்பாங்களேடி."

"சாமிகிட்ட மெடிக்கல் சர்டிபிகேட்ட நீட்டச் சொல்றியா?"

அந்தப் பெண் காயத்தைக் கழுவித் துணி சுற்றினாள். மேலே காப்பி மூட்டை கொண்டுபோகும் குதிரைக்காரர், "ஒரு மூட்டைய எறக்கிட்டா எடம் கெடக்கு, ஏறுங்கம்மா" என்றார்.

"நடந்துதான் வருவேன்" என்றாள் தோழி.

நான் அவளருகில் அமர்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்து வருடினேன். என் விரல்கள் பட்டது அவளுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். குதிரைக்காரரிடம் திரும்பி, "மூட்டைய எறக்குங்கண்ணே" என்றாள்.

பிறகு மூடுபனி. குதிரையின் மணியொலியும் அவள் குரலும் மட்டும் எனக்கு முன்னே மிதந்தன.

"ஏ கழுத, வெரசா வா!"

"குதிரயத்தான சொல்ற?"

"குதிர நல்லாத்தான் நடக்குது."

வட்டக்கானலின் முதல் வீடு தெரிவதற்குச் சற்று முன் குதிரையை நிறுத்தச் சொன்னாள். கட்டுப்போட்ட பாதத்தைக் காலணிக்குள் மெல்ல நுழைத்து, என் தோளைப் பற்றி இறங்கி, கடைசிப் பத்தடியைத் தன் காலாலேயே ஏறினாள். நான் தடுக்கவில்லை.