பதினொரு மீட்டர் தொங்கிய பீம்

சைபர் மேடத்துக்குக் கோபம் வந்தால் வீட்டில் முதலில் தெரிந்துகொள்பவர் மாமியார்தான். வாசலில் செருப்பு விழுகிற சத்தமே அவருக்குப் போதும். “இன்னைக்கு எத்தனை பேருக்கும்மா முட்டை?” என்று உள்ளே இருந்தபடியே கேட்பார்.

பொறியியல் கல்லூரியில் கட்டடப் பாடம் எடுக்கும் மேடத்துக்கு அந்தப் பட்டத்தைப் பிள்ளைகள் சும்மா சூட்டவில்லை. வீட்டுப்பாடத்தில் விடை தப்பென்றால் சைபரைத் தாராளமாக வழங்குவார். கல்லூரிக்கு வருமுன் கட்டடக் கம்பெனியில் இருந்தவர். அங்கே ஒரு புண்ணியவான் சிவப்பு மையில் பெட்டி கட்டி எழுதிய தப்புக் கணக்கை நம்பிப் போட்ட பால்கனி, பட்டப்பகலில் பொத்தென்று இறங்கியது. கீழே நின்றது ஒரு சைக்கிள் மட்டும் என்பதால் எல்லோரும் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மேடம் குடிக்கவில்லை.

இந்த வாரம் அவர் கொடுத்த கணக்கு எளிதுதான். மூன்றாம் மாடியில் இருக்கும் அவர்கள் வகுப்பறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அதைத் தாங்கும் பீம் நடுவில் எவ்வளவு தொய்யும்?

வந்து குவிந்த தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஊதா மார்ஜின், பச்சை அடிக்கோடு, கடைசியில் இரட்டைப் பெட்டி. பெட்டிக்குள்ளே பதினொரு மீட்டர். முதல் பெஞ்சுக்காரன் மில்லிமீட்டரில் மில்லியை முழுங்கிவிட்டான். வகுப்பே அவனைப் பார்த்து முழுங்கியிருந்தது. அவன் தாளில் சிந்திய மைப்பொட்டைக்கூட ஒருத்தன் பயபக்தியோடு வரைந்திருந்தான்.

ஒரே ஒரு தாள் மட்டும் கசங்கிக் கிடந்தது. கோழி கிளறினாற்போல எழுதுவதால் வகுப்பில் ‘கோழி’ என்றே பெயர் வாங்கிய பெண்ணுடையது. மார்ஜின் கிடையாது, தலைப்பு கிடையாது, எங்கு பார்த்தாலும் அடித்தல். விடை பதினொரு மில்லிமீட்டர். பக்கத்தில் பொடியாக ஒரு குறிப்பு: ‘முதல்ல மீட்டர்னு வந்துச்சு. அண்ணாந்து பாத்தேன், பீம் மேலயேதான் இருந்துச்சு. அதான் திரும்பப் போட்டேன்.’

மேடம் அவளுக்குப் பத்து போட்டார். மற்ற எல்லோருக்கும் தம்முடைய பட்டப்பெயரையே போட்டார்.

மதியத்துக்குள் துறைத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். மேசைமேல் வீட்டுப்பாடத்துக்கான புது விதிமுறை பளபளத்தது.

“மேடம், மார்ஜினுக்கு ரெண்டு, தலைப்புக்கு ரெண்டு, பென்சில் படத்துக்கு ரெண்டு, பெட்டிக்கு ரெண்டு, நேரத்துக்குக் குடுத்தா ரெண்டு. நாளைக்கு ஆய்வுக் குழு வருது, நீங்க பாட்டுக்கு சைபரா அள்ளி விட்டிருக்கீங்க!”

“பத்தும் முடிஞ்சுபோச்சே சார். விடைக்கு எங்க மார்க்?”

“அதான் பெட்டிக்கு ரெண்டு இருக்கே.”

“பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?”

“அதெல்லாம் பாத்தா எவன் தேறுவான்? அந்தக் கோழிக்கு ரெண்டுதான் வரும். அஞ்சுக்குக் கீழ எடுத்தா பரீட்சை எழுத முடியாது. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுங்க.”

மேடத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. சரியாகப் போட்டவள் வெளியே, ஈயடிச்சான் காப்பிகள் உள்ளே! விடுவிடுவென்று படியேறினார். ஆய்வுக்கூடத்து நீள டேப்பை எடுத்து வகுப்பு ஜன்னலின் உச்சியில் கட்டி, பதினொரு மீட்டரைக் கீழே விட்டார். அது இரண்டாம் மாடியைத் தாண்டி, முதல் மாடியில் தலைவரின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய புதுக் காரின் கூரையில் போய் உட்கார்ந்தது.

தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “என்ன மேடம் இது கூத்து?”

“கூத்தில்ல சார், விடை. பத்துக்குப் பத்து வாங்கப்போற விடை. பீம் உங்க ரூமைத் தாண்டி காருக்கு வந்துருச்சு.”

கீழே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். முதல் பெஞ்சுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். கோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எடுங்க மேடம், மானம் போகுது!”

“அவளுக்குப் பத்து.”

“அஞ்சு போடுங்க. பரீட்சை எழுதிடலாம்ல?”

“அஞ்சு குடுக்க அவ என்ன பாதியா போட்டா?”

“சரி, ஏழு.”

“கத்திரிக்கா வாங்கவா சார் வந்தேன்?” டேப்பை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினார். இரும்பு முனை கார்மேல் டொக்கென்று விழுந்தது.

“யம்மா! பத்தே போட்டுத் தொலைங்க! ஆனா எல்லாருக்கும் பத்து. இல்லன்னா அவளுக்கும் இல்ல.”

கோழி பரீட்சை எழுதலாம் என்றாகிவிட்டது. அதற்கு விலையாக ஒவ்வொரு பதினொரு மீட்டருக்குக் கீழேயும் மேடம் தம் கையாலேயே பத்து போட்டார். பேனா அழுத்தியதில் பாதித் தாள்கள் கிழிந்தன. வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தார்: தலைவர் காரை வேறு பக்கம் நகர்த்தி நிறுத்தியிருந்தார்.

வாசலில் ஒரு செருப்பு சுவரில் மோதியது, இன்னொன்று வாளியில் விழுந்தது.

“எத்தனை முட்டைம்மா?”

“ஒண்ணுகூட இல்ல அத்தே.”

“அப்புறம் எதுக்கு இவ்ளோ கோவம்?”

“அதுக்குத்தான்.”