கூரைக்கு இருந்த அவகாசம்

எழுபதுகளில் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இன்ஜினீயராக இருந்தேன். புது ஃபாக்டரி கட்டும் வேலைக்காகக் கோயம்புத்தூர் போய்க் கம்ப்யூட்டரில் திட்டமிடக் கற்று வந்திருந்தேன். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்தால், எந்த வேலை தாமதிக்கக் கூடாது, எதைத் தள்ளிப்போடலாம் என்று அச்சடித்துத் தந்துவிடும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் ஓட்டைக் கூரையை மாற்றுவதும் அதே திட்டத்தில்தான் இருந்தது. அதற்கு அவகாசம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. லயத்துக் கூரைக்கென்று வந்த தகரங்களை ஃபாக்டரிக்குத் திருப்பிவிட்டேன்.

கொழுந்து பறிக்கும் ஞானம்மா, "மழைக்கு முன்னாடி கூரை மாறிருமா சார்?" என்று கேட்டாள்.

"அதுக்கு இன்னும் நேரம் இருக்கும்மா" என்றேன்.

மழை கொட்டித் தீர்த்தது. ஃபாக்டரி குறித்த நாளில் முடிந்தது. திறப்பு விழாவன்று காலை, தேயிலை காயவைக்கும் டிரையர் சூடாகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். அதைச் சுற்றிலும் நனைந்த கம்பளிகள், பிள்ளைகளின் சட்டைகள். ஞானம்மா பதறி எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். கொழுந்து வர இன்னும் நேரம் இருக்குல்லா? அதுக்குள்ள காயவச்சு எடுத்துருதோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. கெஞ்சினாள்.

இன்றும் யாராவது "அவகாசம் இருக்கிறது" என்றால், எனக்கு ஈரக் கம்பளியின் வாடைதான் அடிக்கிறது.