பேஸ்பால்காரர் நிசமாகத் தவறவிட்டாரா?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பேஸ்பால் வீரரைக் கொண்டுவந்து காட்டுவது யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பனிச்சறுக்கு வீரரைக் காட்டுவது மாதிரி. மரியாதைக்குக் கைதட்டுவார்கள், ஆள் என்ன செய்கிறவர் என்று ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் சனிக்கிழமை, புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பு அப்படி மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தது. அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள். ஓய்வுக் காலத்தில் இங்கே பயிற்சி கொடுக்க வந்தவர்களைப் பத்திரிகைப் படத்துக்காகப் பிடித்துவிட்டார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர். சம்பளமில்லாத உத்தியோகம். கிழமை நாட்களில் எல்லர்ஸ்லியில் காப்புறுதி அலுவலகம், சனிக்கிழமையில் இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் என் ஆங்கிலத்தைச் சப்பாத்து மாதிரி தினமும் மினுக்கி வைத்திருந்தேன். யாராவது கேட்டால் போதும், கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

என் பொறுப்பில் இருந்தது பத்து வயதுச் சிறுமியும் அவளுடைய தாயும். கொழும்பிலிருந்து வந்து ஏழு மாதம். அதில் பாதி ஆஸ்பத்திரியில். மூன்று வீரர்களும் கோடு போட்ட சீருடையில் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் நுழைந்ததும் தாய் என் கையைப் பிடித்தார்.

“தங்கச்சி, இவையும் வருத்தக்காரரோ? பிஜாமாவோட நிக்கினம்.”

“இல்லையக்கா, விளையாட்டுக்காரர். அதுதான் தொழில்.”

“இவ்வளவு வளந்த ஆம்பிளையளுக்கோ?”

சிறுமி சிரிக்கவில்லை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “வருத்தம் வந்த நாளிலயிருந்து நான் ஒண்டிலயும் தோக்கேல்லை அக்கா. கரம் விளையாடினா மாமா தோக்கிறார். சீட்டு விளையாடினா நர்ஸ் தோக்கிறா. முந்தி மாமா என்னை ஒரு நாளும் வெல்ல விட்டதில்லை. எனக்கு என்ன, அவ்வளவு மோசமோ?”

“வாங்கோ, கீழ போவம்,” என்று அவளுடைய தொப்பியைச் சரிசெய்தேன்.

கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அமைப்பின் பொறுப்பாளர் பெண்மணி, மூவரில் உயரமானவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: பிள்ளை பந்து எறியும், நீங்கள் தவறவிட்டுவிட்டுக் கீழே விழுங்கள், அழகான படம் வரும்.

“என்ன சொல்லுறா?” என்றாள் சிறுமி.

“வெயிலாம், கவனமாம்.”

முதல் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டாள். அந்த மனிதர் மட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டிய வாழை மாதிரிச் சாய்ந்தார். கமரா அடித்தது. எல்லோரும் ஆரவாரம். சிறுமி மட்டும் என்னைப் பார்த்தாள். “பாத்தீங்களோ? இவரும்தான்.”

டென்னிஸ் பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாலடி பின்னால் போனாள். கொழும்பில் வீட்டுக்கு முன்னால் இருந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் அண்ணன்மாரோடு கிரிக்கெட் விளையாடியவள். பேஸ்பாலில் பந்து நிலத்தில் குத்தாமலே வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கையை நேராகச் சுழற்றிப் போட்டாள். பந்து அவருடைய காலுக்கு முன்னே குத்தி, திரும்பி, அவரைக் கடந்து போனது. மெல்லத் தட்டிவிட நினைத்தவர் மட்டையை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் கார் ஒன்றில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்றாவது பந்துக்கு அவர் கால்களை அகட்டி நின்றார். முழுப் பலத்தோடு வீசினார். பந்து மட்டைக்குக் கீழால் போய்விட்டது. அவர் மட்டையை நிலத்தில் அடித்து, நோயாளிப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சத்தமாகச் சொன்னார்.

சிரிப்பு நின்றது.

“என்னவாம் தங்கச்சி?” என்றார் தாய்.

“பிள்ளை நல்லாப் போடுறாவாம்.”

“பொய்,” என்றாள் சிறுமி. “அந்தச் சொல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில முதல் கிழமையே படிச்சிட்டன்.” அவள் முகம் மாறத் தொடங்கியிருந்தது. “அப்ப... உண்மையாத்தான் தவறவிட்டவரோ?”

பொறுப்பாளர் பெண்மணி செக்கச் சிவந்து ஓடிவந்தார். “சும்மா நடிக்கிறார் செல்லம், உனக்காகத்தான்!” என்றார். சிறுமிக்கு அதுவும் விளங்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளரை யாரும் கேட்கவில்லை. அவள் அந்த உயரமான மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பெண்மணியைப் பார்த்தார். பிறகு பந்தைப் பார்த்தார்.

“இல்லை மேடம்,” என்றார். “மன்னிக்கவேணும். ஆனால் நடிக்கவில்லை. பிள்ளை இந்த எழவை எப்படிப் போடுகிறாள் என்று எனக்குப் புரியவேயில்லை.”

இதை மட்டும் ஒரு சொல்லும் குறைக்காமல் அவளுக்குச் சொன்னேன். எழவையும் சேர்த்துத்தான்.

“இன்னொண்டு போடட்டோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். அவர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இந்த முறை ஓரடி முன்னால் வந்து நின்றார். பந்து குத்தி எழும்பியதும் ஒரே வீச்சு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் கூரையைத் தாண்டிப் போனது. பெண்மணி கண்ணைப் பொத்திக்கொண்டார். சிறுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி கூரையையே பார்த்தாள்.

“அம்மா! அடிச்சுப்போட்டான்! என்ர பந்தை அடிச்சுப்போட்டான்!”

“பெரியாக்களை அவன் இவன் எண்டாதை,” என்றார் தாய், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.