காய்ச்சலே இல்லாத ஊர்

கொரோனா வந்த வருஷம் எங்கள் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. சும்மா சொல்லவில்லை, அரசாங்கத்துக்குப் போன பட்டியலே அப்படித்தான் சொல்கிறது. அதை எழுதியவள் நான்.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகள் வருவது நின்றதும், நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கும் மெஷினையும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரையும் கையில் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொன்னார்கள். முதல் நாள் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே எங்கள் சூப்பர்வைசர் மேடத்திடமிருந்து போன் வந்தது.

"என்ன டீச்சர், மத்தவங்க எல்லாம் சைபர் அனுப்புறாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி மூணு வருது? நல்லாப் பாத்தீங்களா?"

மறுநாள் நல்லாப் பார்த்தேன். சைபர் வந்தது. மேடம் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

ஊர்க்காரர்களும் எனக்குச் சளைத்தவர்கள் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு அப்பாவிக் குடும்பம் உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தது. அடுத்த நாளே வாசலை மறித்துத் தகரம் அடித்து, சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் தோட்டத்தில் தக்காளி பழுத்து நின்றது. பறிக்கக் கூலிக்கு ஆள் வரவில்லை, அந்த வீட்டுத் தக்காளிப் பெட்டியை ஏற்ற எந்த வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. அத்தனையும் செடியிலேயே அழுகியது. அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் யாருக்காவது காய்ச்சல் வருமா?

காலையிலேயே எனக்குப் போன் வரும். "டீச்சர், இன்னிக்கு எங்க தெருவுக்கு எத்தன மணிக்கு வர்றீங்க?" ஒரு அரசாங்க ஊழியரை எங்கள் ஊர் அவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு, நெற்றியில் ஈரத்துண்டு வைத்து எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். "இப்பதாங்க மூஞ்சி கழுவுனேன்" என்பார்கள். உச்சி வெயிலில் ஒரு தெருவே ஒன்றாக மூஞ்சி கழுவியிருக்கும். மெஷின் தொண்ணூற்று மூன்று டிகிரி என்று காட்டும். அது உயிரோடு இருக்கிற மனுஷனின் சூடுதானா என்று மேலே யாரும் கேட்கவில்லை. போன் எடுத்து மாளாமல், கடைசியில் நானே எந்தத் தெருவுக்கு எத்தனை மணி என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆரம்பித்தேன்.

அந்த நாட்களில் டிவியில் ஒருவர், எந்த நாடு நோயை அடக்கியது, எது கோட்டைவிட்டது என்று வரைபடம் வைத்து விளக்கினார். ஜனங்கள் அரசாங்கத்தை நம்புகிற நாட்டில் நோய் அடங்குகிறதாம். எங்கள் ஊரில் ஏற்பாடே வேறு. அரசாங்கம் என் பட்டியலை நம்பியது, ஜனங்கள் தகரத்தை நம்பினார்கள். நோய் இரண்டு பேரையும் தொந்தரவு செய்யாமல் தன் வேலையைப் பார்த்தது.

அது என் கணவருக்கும் வந்தது. எங்கள் தோட்டத்திலும் தக்காளிதான். "எழுதிராத. இன்னும் ரெண்டு பறிப்பு இருக்குது" என்றார் அவர். நான் எழுதவில்லை. பட்டியலில் எங்கள் வீட்டு வரியில் தினமும் 'இல்லை' என்று என் அழகான கையெழுத்தில் போட்டேன். ஆறாம் நாள் இருமல் பயமாக இருந்தது. மேடத்துக்கே போன் போட்டு, சளி எடுத்து டெஸ்ட் பண்ணுகிற வண்டி எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று கேட்டேன்.

"சைபர் ஊருக்கு எதுக்கு டீச்சர் வண்டி? கேஸ் இருக்கிற ஊருக்கே பத்தல."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒன்பதாம் நாள் காலையில் அவருக்கு மூச்சு இரைத்தது. மீட்டரை மாட்டினேன், எண்பத்தி நாலு. விரல் சரியில்லை என்று அடுத்த விரலில் மாட்டினேன். பத்து விரலிலும் மாட்டிப் பார்த்து, எதில் அதிகமாகக் காட்டியதோ அதை நம்பினேன். அது எண்பத்தி ஆறு. அதற்கு மேல் என்னையே ஏமாற்ற எனக்குத் தெம்பில்லை. தக்காளி ஏற்றும் டெம்போவில் அவரைப் படுக்கவைத்துத் தர்மபுரிக்கு ஓடினோம்.

தலை முதல் கால் வரை பிளாஸ்டிக்கால் மூடியிருந்த டாக்டர், "எத்தன நாளா காய்ச்சல்?" என்று கேட்டார். அதை வைத்துத்தான் என்ன மருந்து என்று முடிவு செய்வார்கள். எனக்குத் தெரியும். அப்படியும் என் வாயிலிருந்து, "நேத்துல இருந்துதாங்க சார்" என்று வந்தது. அத்தனை நாள் பழக்கம்.

பேச மூச்சில்லாமல் கிடந்தவர் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு, மீதி ஒன்பது விரலையும் டாக்டருக்கு நேராகக் காட்டினார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சீட்டில் ஒன்பது என்று எழுதினார்.

அவர் பிழைத்து வந்துவிட்டார். அந்த 'நேத்துல இருந்து' பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் இப்போதும் யாராவது நோட்டும் பேனாவுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவரே போய்ப் பதில் சொல்கிறார்.